விலை ஏறாத பால்: பாரம் யார் தோளில்?

விலைவாசி என்னும் சொல் நம் இல்லங்களில் ஒலிக்காத நாளே இல்லை. பருப்பு ஏறிவிட்டது, எண்ணெய் ஏறிவிட்டது, நோட்டுப் புத்தகம் ஏறிவிட்டது என்று அன்னையர் சலித்துக்கொள்வதை நாம் அன்றாடம் கேட்கின்றோம். சம்பள நாளில் நிறைந்திருக்கும் பணப்பை இருபதாம் தேதிக்குள் மெலிந்துபோவது நடுத்தரக் குடும்பங்கள் யாவற்றுக்கும் பொதுவான கதை. எல்லாம் ஏறிக்கொண்டே போகும் இக்காலத்தில் ஒரு பொருள் மட்டும் பல ஆண்டுகள் அசையாமல் நின்றது என்றால் அது வியப்பிற்குரியதன்றோ?

அந்தப் பொருள் வேறெதுவும் அன்று. காலையில் நம் வாசலுக்கு வந்து சேரும் ஆவின் நீல உறைப் பால்தான். 2021ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் முதல் தமிழக அரசு ஆவின் பாலின் விலையை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. அதன்படி 43 ரூபாயாக இருந்த நீல உறைப் பால் 40 ரூபாயாக இறங்கியது. 2024ஆம் ஆண்டு முடியும்போதும் அதே 40 ரூபாய்தான். இடைப்பட்ட காலத்தில் நாட்டின் விலைவாசி சும்மா இருக்கவில்லை. 2022-23ஆம் ஆண்டில் 6.7 விழுக்காடு, 2023-24இல் 5.4, 2024-25இல் 4.6 என்று ஏறிக்கொண்டே சென்றது. நம் பள்ளிக் கணக்கு நோட்டில் கூட்டுவட்டி போடுவதுபோல் போட்டுப் பார்த்தால், இந்த மூன்று ஆண்டுகளில் மற்றப் பொருள்களோடு சேர்ந்து ஏறியிருக்குமானால் அந்தப் பால் ஏறத்தாழ 47 ரூபாயைத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை. ஏழு ரூபாய் எங்கோ நின்றுபோயிற்று.

அந்த ஏழு ரூபாய் எங்கே போயிற்று? இதுவே இக்கட்டுரை எழுப்பும் வினா. விலை குறைவாக இருக்கிறது என்று மகிழ்வது எளிது. அந்தக் குறைவை யார் தாங்குகிறார்கள் என்று கேட்பதே படித்தவர்க்கு அழகு.

மலிவு ஒரு நன்மையே

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாலின் விலை குறைவாக இருப்பது நல்லதுதான். அதில் ஐயமில்லை. வளரும் குழந்தைக்கும், கருவுற்ற தாய்க்கும், நோயுற்று மெலிந்த முதியவருக்கும் பால் உணவும் மருந்தும் ஆகும். கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் கைப்பணம் சுருங்கும்போது முதலில் நிறுத்தப்படுவது சினிமாவோ வெற்றிலைபாக்கோ அன்று, குழந்தையின் பால்தான். அரை லிட்டர் வாங்கியவர் கால் லிட்டர் வாங்குவார்; அதையும் நீர் கலந்து நீட்டிப்பார். ஆகவே, பாலின் விலையை அடக்கி வைப்பது ஓர் அறச்செயல் என்று சொன்னால் அது மிகையாகாது.

மற்றொரு நன்மையும் உண்டு. ஆவின் பால் ஊரெங்கும் குறைந்த விலையில் கிடைப்பதால்தான் தனியார் பால் நிறுவனங்கள் தம் விலையைக் கண்டபடி ஏற்ற அஞ்சுகின்றன. ஆற்றில் வெள்ளம் கரை கடவாமல் அணை தடுப்பது போல, ஆவினின் விலை மற்றவர் விலைக்கும் ஓர் அணையாக நிற்கின்றது. ஆவின் பாலை வாங்காதவர்க்கும் அதனால் பயன் உண்டு.

ஆயினும், அணை கட்டினால் மட்டும் போதாது. அணையின் சுவர் எதைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

விலையை நிறுத்தும் வழிகள்

விலைவாசி ஏறும்போது ஒரு நிறுவனம் தன் பொருளின் விலையை ஏற்றாமல் நிறுத்த வேண்டுமானால், அதற்கு வழிகள் சிலவே உள்ளன. உரிமையாளர் தம் இலாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம். திறமையான நிர்வாகத்தால் வீண் செலவை ஒழிக்கலாம். அரசு தன் கருவூலத்திலிருந்து பணம் தரலாம். இவை மூன்றும் நேர்மையான வழிகள். இன்னும் இரண்டு வழிகள் உண்டு. பொருளின் அளவையோ தரத்தையோ ஓசைப்படாமல் குறைத்துவிடலாம். அப்போது பாரம் வாங்குபவர் மேல் விழுகிறது. அல்லது, பொருளை விளைவிப்பவருக்குக் கொடுக்கும் விலையைப் பிடித்து வைக்கலாம்; அப்போது பாரம் உழைப்பவர் மேல் விழுகிறது. வெளியே தெரியும் விலை எல்லா வழிகளிலும் ஒன்றே. உள்ளே நடப்பதோ வெவ்வேறு.

உலகில் இதற்கு எடுத்துக்காட்டுகள் பல. அமெரிக்காவில் கோக்க கோலா பானம் 1886ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஐந்து சென்ட் விலைக்கே விற்கப்பட்டது. இரண்டு உலகப் போர்கள் வந்தபோதும் அந்த விலை மாறவில்லை. இதைக் கேட்டவுடன் அந்த நிறுவனத்தாரின் தாராள மனத்தைப் பாராட்டத் தோன்றும். உண்மை வேறு. 1899ஆம் ஆண்டில் பானத்தைப் புட்டியில் அடைத்து விற்கும் உரிமையை இரண்டு வழக்கறிஞர்களுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தபோது, அவர்களுக்குத் தரும் பாகின் விலையையும் நிலையாக நிர்ணயித்துவிட்டார்கள். பின்னர் 1921இல் அந்த ஒப்பந்தம் திருத்தப்பட்டது. அதன் பின்னர் காசு போட்டால் புட்டி தரும் இயந்திரங்கள் பெருகின. அவற்றுள் ஐந்து சென்ட் நாணயம் ஒன்றுதான் நுழையும்! விலையை ஏற்றுவதானால் ஒரேயடியாகப் பத்து சென்ட் ஆக்க வேண்டும். 1953இல் அந்நிறுவனத் தலைவர் உட்ரஃப் என்பவர், ஏழரை சென்ட்டுக்குத் தனி நாணயம் அச்சிடுமாறு குடியரசுத் தலைவர் ஐசனோவரிடமே கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. ஆகவே, அந்த மலிவு கருணையால் வந்ததன்று. ஓர் ஒப்பந்தமும் ஓர் இயந்திரமும் கட்டிப்போட்டதால் வந்தது.

அதே அமெரிக்காவில் வேறொரு வகையையும் காணலாம். நியூயார்க்கில் 1992இல் தொடங்கப்பட்ட அரிசோனா என்னும் குளிர்தேநீர் நிறுவனம், தன் பெரிய டப்பாவின் மேல் 99 சென்ட் என்று அச்சிட்டே விற்று வந்தது. 2022ஆம் ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் விலைவாசி நாற்பது ஆண்டுகளில் காணாத அளவுக்கு, 9.1 விழுக்காடு ஏறிற்று. அப்போதும் அதன் தலைவர் டான் வுல்டாஜியோ விலையை உயர்த்த மறுத்தார். மக்கள் ஏற்கெனவே திணறுகிறார்கள், நாமும் ஏன் அவர்கள் சுமையைக் கூட்ட வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். அது பங்குச் சந்தையில் இல்லாத குடும்ப நிறுவனம். ஆண்டுதோறும் இலாபத்தைப் பெருக்கிக் காட்டு என்று நெருக்கும் பங்குதாரர் கூட்டம் அதற்கு இல்லை. விளம்பரத்திற்குச் செலவிடுவது மிகக் குறைவு. டப்பாவின் அலுமினியத் தகட்டையும் மெல்லியதாக்கிச் செலவைச் சுருக்கிக்கொண்டார்கள். இங்கே விலையைப் பிடித்து நிறுத்தியவை பெரும்பாலும் உரிமையாளரின் இலாபமும் நிர்வாகத்தின் திறமையுமே. பாராட்டத்தக்க செய்கை இது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் ஆவின் பாலுக்கு வருவோம்.

உரிமையாளர் யார்?

தமிழ்நாட்டில் பால்வளத் துறை 1958இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையம் 1981இல் பதிவு பெற்றது. அந்த இணையத்தின் வணிகப் பெயரே ஆவின். ஊரில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், சென்னையில் இணையம் என்று மூன்று படிகள். நம் அயோத்தியாப்பட்டணத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் "பால் சொசைட்டி" என்று நாம் அழைப்பது முதற்படி. அங்கு ஊற்றப்படும் பால் சேலம் தளவாய்ப்பட்டியில் உள்ள ஒன்றியத்தின் பால்பண்ணைக்குப் போய்ச் சேர்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூட்டுறவு அமைப்பில் உரிமையாளர் என்று தனியாக ஒரு முதலாளி கிடையாது. மாடு வளர்த்துப் பால் ஊற்றும் உறுப்பினரே உரிமையாளர். ஆகவே, அரிசோனா நிறுவனத்தில் "உரிமையாளர் விட்டுக்கொடுத்தார்" என்றால் ஒரு செல்வந்தரின் இலாபம் சற்றுக் குறைந்தது என்று பொருள். ஆவினில் "உரிமையாளர் விட்டுக்கொடுத்தார்" என்றால், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சாணம் அள்ளி, மாட்டைக் கழுவி, பால் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடக்கும் ஒரு தாய் விட்டுக்கொடுத்தாள் என்று பொருள். சொல் ஒன்று, பொருள் இரண்டு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் பசும்பாலின் கொள்முதல் விலை 28 ரூபாயிலிருந்து 32 ரூபாயாக உயர்ந்தது. அதன்பின் 2022 நவம்பர் வரை, மூன்று ஆண்டுகளுக்கு மேல், அதே 32தான். அந்த மூன்று ஆண்டுகளில் தவிடும் புண்ணாக்கும் தீவன மூட்டையும் அதே விலையில் நின்றனவா? இல்லை. 2022 நவம்பரில் 35 ரூபாய் ஆயிற்று. எருமைப் பால் 41இலிருந்து 44 ஆயிற்று. போதாது என்று 2023 மார்ச்சில் பால் உற்பத்தியாளர்கள் லிட்டருக்கு 7 ரூபாய் கூட்டிக் கேட்டுப் பால் நிறுத்தப் போராட்டம் அறிவித்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. அதனால் பசும்பாலுக்கு 38 ரூபாய் என்றாயிற்று. கேட்டது ஏழு, கிடைத்தது மூன்று.

நீல உறைக்கு நெய் படியளக்கிறது

இங்கே ஓர் ஐயம் எழலாம். 38 ரூபாய்க்கு வாங்கிய பாலை 40 ரூபாய்க்கு எப்படி விற்க முடியும்? குளிரூட்டுவது, லாரியில் ஏற்றுவது, பதப்படுத்துவது, உறையில் அடைப்பது, முகவருக்குத் தரகு கொடுப்பது, இத்தனையும் இரண்டு ரூபாய்க்குள் அடங்குமா? அடங்காது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

மாட்டின் பாலில் உள்ள கொழுப்பு முழுவதும் நீல உறைக்குள் போவதில்லை. நீல உறைப் பாலில் 3 விழுக்காடு கொழுப்பே உண்டு. எடுத்த கொழுப்பு வெண்ணெயாகவும் நெய்யாகவும் மாறி நல்ல விலைக்கு விற்கிறது. 6 விழுக்காடு கொழுப்புள்ள ஆரஞ்சு உறைப் பாலும் கூடுதல் விலைக்கு விற்கிறது. ஆக, நெய்யும் ஆரஞ்சு உறையும் ஈட்டித் தருவதுதான் நீல உறையைத் தாங்குகிறது. வசதியுள்ள வீட்டின் நெய் ஏழை வீட்டின் பாலுக்குப் படியளக்கிறது என்று சொல்லலாம். இதில் குறை கூற ஒன்றுமில்லை, நல்ல ஏற்பாடுதான்.

2022 நவம்பரில் ஆரஞ்சு உறைப் பாலின் சில்லறை விலையை 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக உயர்த்தியபோது பலரும் கண்டித்தார்கள். ஆனால் மாதாந்திர அட்டை வைத்திருப்போருக்கு 46 ரூபாய் என்பது மாறவில்லை. கடைக்காரருக்கும் உணவு விடுதிக்கும் ஒரு விலை, வீட்டுக்கு ஒரு விலை என்று பிரித்தது கொள்கையளவில் சரியானதே.

ஆயின் மற்றொன்றை அவ்வாறு ஏற்க இயலாது. பச்சை உறைப் பாலில் 4.5 விழுக்காடு கொழுப்பு உண்டு. அதன் விலை லிட்டர் 44 ரூபாயாக இருந்தது. 2023இல் ஊதா உறையில் புதிய பால் ஒன்று வந்தது. அதில் கொழுப்பு 3.5 விழுக்காடு, விலை அதே 44. பச்சைக்குப் பதில் ஊதாவை வாங்கிய இல்லத்தரசி, விலை ஏறவில்லை என்றே எண்ணியிருப்பார். 2024 டிசம்பரில் வேறொரு பச்சை உறை வந்தது. அதில் அரை லிட்டருக்குப் பதில் 450 மில்லி. விலை 25 ரூபாய். லிட்டர் கணக்கில் பார்த்தால் 55 ரூபாய்க்கு மேல் ஆகிறது. உயிர்ச்சத்துகள் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள், இருக்கட்டும். விலையை ஏற்றுவதானால் ஏற்றுகிறோம் என்று நேரே சொல்லலாமே. உறையின் நிறத்திற்குள்ளும் மில்லி எண்ணுக்குள்ளும் ஏன் ஒளிய வேண்டும்? எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் நிறத்தைப் பார்த்துத்தான் பால் வாங்குகிறார் என்பதை மறக்கலாமா?

அறுபது ரூபாயும் தொள்ளாயிரத்து அறுபது ரூபாயும்

2023இல் உற்பத்தியாளர் கேட்ட ஏழு ரூபாய்க்கும் கிடைத்த மூன்று ரூபாய்க்கும் இடையே நான்கு ரூபாய் நிற்கிறது. அந்த நான்கு ரூபாய் இரு வீடுகளில் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

ஒரு வீடு அயோத்தியாப்பட்டணம் கடைவீதிக்கு அருகில் உள்ளது. நாள்தோறும் அரை லிட்டர் பால் வாங்குகிறார்கள். லிட்டருக்கு நான்கு ரூபாய் ஏறினால் அவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு ரூபாய் கூடும். மாதத்திற்கு 60 ரூபாய். மற்றொரு வீடு இங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள சிற்றூரில் இருக்கிறது. இரண்டு கறவைகள்; நாளொன்றுக்கு எட்டு லிட்டர் சொசைட்டிக்கு ஊற்றுகிறார்கள். அந்த நான்கு ரூபாய் கிடைக்காததால் அவர்கள் இழப்பது நாளொன்றுக்கு 32 ரூபாய். மாதத்திற்கு 960 ரூபாய்.

வாங்கும் வீடு சேமிப்பது 60. ஊற்றும் வீடு இழப்பது 960. சேமிப்பவர்கள் பலர், ஆகவே அவர்கள் குரல் ஊரெல்லாம் கேட்கிறது. இழப்பவர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். ஆகவே அவர்கள் குரல் தொழுவத்திலேயே நின்றுபோகிறது.

இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் நம் பள்ளியில் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள் என்பதுதான் நாம் உணர வேண்டிய செய்தி. ஒருத்தியின் காலைக் காப்பிக்கு விலை ஏறாமல் இருக்க, மற்றொருத்தியின் பள்ளிக் கட்டணம் ஒரு மாதம் தள்ளிப்போகிறது. இருவருக்கும் இது தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் வேதனை.

மாடு வளர்ப்பு என்றால் வெறும் வருமானம் என்று நகரத்தார் எண்ணுகிறார்கள். நம் சேலத்துச் சீமையில் மழை பொய்த்த ஆண்டில் சோளத்தட்டுக்கே விலை வைக்க முடிவதில்லை. ஜவ்வரிசி ஆலையிலிருந்து வரும் கிழங்குத் திப்பியை வாங்கிப் போட்டுச் சமாளிப்பவர் பலர். மாடு ஆண்டு முழுதும் கறப்பதில்லை. சினைக்காலத்தில் பால் வற்றிவிடும். வற்றினாலும் வயிறு கேட்கும். மடிநோய் வந்தால் கறந்த பாலைக் கீழே ஊற்ற வேண்டும். சொசைட்டியில் கொழுப்பும் மற்றச் சத்தும் அளந்து பார்த்துக் குறைந்தால் அறிவித்த விலையும் முழுதாகக் கிடைக்காது. இத்தனைக்கும் மேலாக, வீட்டுப் பெண்கள் காலையும் மாலையும் செய்யும் வேலைக்குக் கூலி என்று எவரும் ஒரு ரூபாய்கூடக் கணக்கில் எழுதுவதில்லை. அந்த வேலைக்கும் கூலி போட்டால் பாலின் உண்மையான விலை என்னவாகும்? பெண்களாகிய நாமே அந்தக் கணக்கைப் போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்?

மறுப்பும் மறுமொழியும்

"அப்படியானால் பால் விலையை ஏற்றிவிடலாம் என்கிறீர்களா? கூலிக்காரன் குழந்தை என்ன செய்யும்?" என்று கேட்பவர் இருப்பர். நியாயமான கேள்வி. 60 ரூபாய் சிறு தொகை என்று எல்லோராலும் சொல்லிவிட முடியாது. நாள் கூலியில் வாழ்பவருக்கு அதுவும் ஒரு வேளைக் குழம்புக்கான காய்கறி.

அதற்கு மறுமொழி இதுதான். ஏழைக் குழந்தைக்கு மலிவாகப் பால் தருவது சமுதாயம் முழுவதன் கடமை. அந்தக் கடமையின் செலவைச் சமுதாயம் முழுவதும் ஏற்க வேண்டும். ஓர் ஏழைக்குத் தரும் உதவியை இன்னோர் ஏழையின் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது தருமமாகாது. அரசு மலிவு விலையை விரும்பினால், அரசின் கருவூலம் அதைத் தாங்கட்டும். 2023இல் அறிவித்த ஊக்கத்தொகை அந்தத் திசையில் வைத்த ஓர் அடி. அதை அன்றாட விலையோடு சேர்த்துப் பட்டுவாடா நாளிலேயே கையில் சேர்த்தால் இன்னும் சிறக்கும். நாள் கடந்து வரும் உதவி, கந்துவட்டிக்காரரிடம் பாதி போய்ச் சேரும்.

"கொள்முதல் விலை குறைவாயிருந்தால் என்ன, உற்பத்தியாளர் வேறிடத்தில் விற்கட்டுமே" என்பாரும் உளர். அவ்வாறே நடந்தது. தனியார் கூடுதலாகக் கொடுத்த நாள்களில் பலர் அங்கே ஊற்றினார்கள். 2023 மே மாதம் குஜராத்தின் அமுல் நிறுவனம் கிருஷ்ணகிரியில் குளிரூட்டும் நிலையம் அமைத்து இம்மாநிலத்தில் பால் கொள்முதல் செய்ய முனைந்தபோது, முதலமைச்சர் மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதித் தடுக்கக் கேட்க வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் 9,673 சங்கங்கள், சுமார் நான்கரை லட்சம் பேரிடமிருந்து நாளொன்றுக்கு 35 லட்சம் லிட்டர் பால் பெறுகின்றன என்று அக்கடிதம் கூறியது. இவ்வளவு பெரிய அமைப்பைக் காக்கக் கடிதம் வேண்டியதுதான். ஆயினும், ஊற்றுபவருக்குக் கட்டுபடியாகும் விலை கொடுப்பதைவிட வலிய வேலி வேறில்லை. பால் வராத நாளில் 40 ரூபாய் என்று அச்சிட்ட நீல உறை இருந்தும் என்ன பயன்? தன் வேரைத் தானே தின்னும் மரம் யாருக்கு நிழல் தரும்?

செய்யக் கூடியவை

குறை சொல்லி முடிப்பது எளிது. வழி சொல்வதே கடன். மூன்று வழிகள் தோன்றுகின்றன.

முதலாவது, கொள்முதல் விலையை ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு குறிப்பிட்ட மாதத்தில், தீவன விலையையும் விலைவாசியையும் பார்த்துத் திருத்த வேண்டும். போராட்டம் நடந்தால் ஏற்றுவது, தேர்தல் வந்தால் இறக்குவது என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மூன்று ஆண்டு பொறுத்து ஏற்றும் மூன்று ரூபாயைவிட, ஆண்டுதோறும் ஏறும் ஒரு ரூபாய் இரு வீட்டார்க்கும் நல்லது. ஒருவர்க்குத் திட்டமிட முடியும். மற்றவர்க்குத் திடுக்கிட வேண்டியிராது.

இரண்டாவது, மாதாந்திர அட்டை முறையை ஊரகத்திற்கும் சிறு நகரங்களுக்கும் விரிவாக்கி, தேவையுள்ள குடும்பத்திற்கு மலிவு விலையிலும், வாங்க வசதியுள்ளோருக்கு உரிய விலையிலும் கொடுக்கலாம். நியாய விலைக் கடையில் குடும்ப அட்டையைப் பார்த்து அரிசி தரும் நாட்டில் இது முடியாத காரியமன்று.

மூன்றாவது, பால் உறையின் மேல் ஒரு வரி கூடுதலாக அச்சிடலாம். நாம் கொடுக்கும் பணத்தில் பால் ஊற்றியவருக்கு எவ்வளவு போகிறது என்பதே அந்த வரி. தன் வருவாயில் ரூபாய்க்கு ஏறத்தாழ 80 காசு உற்பத்தியாளருக்கே செல்வதாக அமுல் பெருமையோடு கூறிக்கொள்கிறது. நம் உறையிலும் அந்த எண் இருந்தால், விலை ஏறும்போது நாம் முணுமுணுக்க மாட்டோம். ஏறாதபோது ஏன் என்று கேட்போம்.

மாணவியர் கடமை

தோழியரே! இவை அரசும் ஆவினும் செய்ய வேண்டியவை. நாம் செய்யக் கூடியவையும் உண்டு. வீட்டிற்கு வரும் பால் உறையை ஒரு முறை முழுதாகப் படியுங்கள்: எத்தனை மில்லி, எவ்வளவு கொழுப்பு, என்ன விலை. படிக்கத் தெரியாத அண்டை வீட்டுப் பாட்டிக்கும் படித்துச் சொல்லுங்கள். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் ஒரு மாதம் ஒரு நோட்டுப் போடுங்கள்: தீவனம் எவ்வளவு, மருந்து எவ்வளவு, அம்மா உழைத்த மணி எவ்வளவு, சொசைட்டி கொடுத்தது எவ்வளவு. அந்த நோட்டை வகுப்பில் மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். பொருளாதாரப் பாடத்தில் நாம் படிக்கும் தேவையும் அளிப்பும் அந்தப் பக்கங்களில் உயிரோடு இருக்கும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். நாளை ஒரு நாள் பாலின் விலை இரண்டு ரூபாய் ஏறியது என்று செய்தி வந்தால், உடனே சினந்துகொள்ளாமல், கொள்முதல் விலையும் ஏறியதா என்று கேளுங்கள். ஏறியிருந்தால் அந்த இரண்டு ரூபாய் நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு வீட்டின் அடுப்பை எரிக்கப் போகிறது. ஏறாமல் விற்பனை விலை மட்டும் ஏறியிருந்தால், அப்போது சினந்துகொள்ளுங்கள்; நாங்களும் உங்களோடு சேர்ந்துகொள்கிறோம்.

மலிவான பொருளைக் கண்டால் மகிழ்வோம். மகிழ்ந்த பிறகு, இது யாருடைய தயவில் மலிவாயிற்று என்று ஒரு கேள்வி கேட்போம். உரிமையாளரின் இலாபம் குறைந்து மலிவானால் வாழ்த்துவோம். நிர்வாகத்தின் திறமையால் மலிவானால் பாராட்டுவோம். பால் கறக்கும் கைகளின் கூலி குறைந்து மலிவானால், அந்தக் கூலியைக் கொடுத்துத் தீர்க்கும் வரை அது நாம் பட்ட கடன் என்று அறிவோம்.